ஜாமீன் யாருன்னு கேக்குறாங்க

"நீங்கல்லாம் வேலை கேக்குறவங்களா இருந்தது போதும். வேலை குடுக்குறவங்களா மாறணும். ஏற்றுமதி பண்ணணும்."

கொடைக்கானலில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த தொழில்முனைவோர் முகாமில் ஓர் அதிகாரி இப்படிப் பேசினார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐம்பது அறுபது பேர். பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் சேரிப் பெண்கள். மேல்மலையிலிருந்து அன்றைய கூலியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். என் மதினியும் அதில் ஒருத்தர். வட்டக்கானலில் ரோட்டோரம், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மழையில் நனைகிற அளவுக்கு ஒரு டீக்கடை வைத்திருக்கிறார். பிரெட் ஆம்லெட், மேகி, வீட்டில் போட்ட மலைப்பூண்டு ஊறுகாய்.

பேச்சு முடிந்ததும் மிக்சர் பொட்டலமும் டீயும் கொடுத்தார்கள். மதினி என் காதோரம் கேட்டார்: "ஏப்பா, ஏத்துமதின்னா நாம ஏத்துறதா, நம்மள ஏத்துறதா?"

சிரித்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது.

நம்மளத்தான் முதலில் ஏற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய சரக்கின் பட்டியலில் தோல் உண்டு, பருத்தி உண்டு, மனிதர்களும் உண்டு. மொரீசியஸ், நேட்டால், மலேயா, இலங்கை. போனவர்களில் பெரும்பகுதி யார் என்று யாருக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை. கங்காணியிடம் வாங்கிய முன்பணத்துக்கு எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டை எந்தத் தோட்டக்காரன் வாங்குகிறானோ அவனுக்கு ஆள் சொந்தம். கடன் எங்கே போகிறதோ அங்கே உடம்பு போகும். உலக வர்த்தகம் என்ற பெரிய வார்த்தையை எங்கள் குடும்பம் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தத் துண்டுச் சீட்டில்தான்.

பிறகு திருப்பி இறக்கினார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆளைக் கேட்டுப் பிரிக்கவில்லை, எண்ணிப் பிரித்தார்கள். என் தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, குடும்ப அட்டை வாங்கியவர்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக அரசு வகுத்த திட்டங்களில் மிகுதியானவர்கள் தலையில் கட்டப்பட்டது எது தெரியுமா? வியாபாரக் கடன். 5,000 ரூபாய். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவன், கவ்வாத்து வெட்டியவன், தராசு பிடித்தே அறியாதவன். அவனுக்கு அரை ஏக்கர் நிலம் கொடுக்காமல், 'போ, வியாபாரம் செய்' என்றார்கள். "என்னா வியாபாரம்னு கேட்டாக. பக்கத்துல நின்ன ஆளு, மளிகைன்னு சொல்லுன்னான். ஒங்க தாத்தா மளிகைன்னாரு. எழுதிக்கிட்டாக" என்பார் அப்பாயி. கடனில் பாதி இடைத்தரகர் கைக்குப் போனது. மீதி சாப்பாட்டுக்குப் போனது. அப்புறம் ஒரு காண்ட்ராக்டர் ஆள் பிடிக்க வந்தார். பழனி மலையில் வாட்டில் மரம் வெட்டுகிற கூப்பு. தோல் பதனிடப் பட்டை, விறகுக்கு மரம். முன்பணம் கொடுத்தார். மறுபடி துண்டு.

இலங்கையிலிருந்து திரும்பி இந்த மலையின் கூப்புகளில் கொத்தடிமையாகக் கிடந்து, 1980-களில் மீட்கப்பட்டவர்களின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அரசாங்கக் கணக்கில் என் தாத்தா கடைசிவரை வியாபாரி. மலையில் அவர் கூப்புக் கூலி. 'சிறுதொழில் முனைவோராகத் தலித்துகளை உயர்த்திய' முதல் திட்டத்தின் பயனாளி அவர். அந்தக் கடனை வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸும் வந்தது.

இவர்களுக்கென்றே 1969-இல் ஒரு வங்கியும் தொடங்கினார்கள். ரெப்கோ வங்கி. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் கூட்டுறவு வங்கி. இன்று ஊர் ஊராகக் கிளை போட்டு நகைக்கடன் கொடுக்கிறது. நகை இருந்தால் போகலாம்.

சரி, பழைய கதை. இப்போது வாருங்கள்.

ஏற்றுமதி இந்த மலைக்குப் புதியது என்பதுபோல அதிகாரி பேசினார். வட்டக்கானலில் நின்று மேலே பாருங்கள். பாம்பாறு சோலைக்கு மேலே, மேட்டில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்களைப் பிரித்துக் கப்பலேற்றி, 1980-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனி, பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் உள்ளே வரும், தெர்மாமீட்டர் வெளியே போகும். அத்தனையும் வெளிநாட்டுக்கு. அசல் ஏற்றுமதி நிறுவனம்! நிலம், மின்சாரம், அனுமதி, ரோடு எதுவும் அதற்குத் தடையாக இருக்கவில்லை. காய்ச்சல் பார்க்கிற கருவி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. பாதரசக் கழிவு மூஞ்சிக்கல் காயலான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 2001 மார்ச்சில் மக்கள் திரண்டு போய் அதை அம்பலப்படுத்திய பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதியைத் திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். சிறுநீரகமும் நரம்பும் கெட்டுப்போனோம் என்று போராடிய தொழிலாளர்கள் 591 பேருடன் 2016-இல்தான் கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. ஆலை மூடிப் பதினைந்து வருஷம். அதற்குள் செத்தவர் செத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலையில் அரசாங்க ஆதரவு எப்படிப் பாயும் என்பதற்கு ஒரு ஹோட்டல் சாட்சி. இரண்டு மாடிக்கு மேல் கட்டக்கூடாத இடத்தில் ஏழு மாடி கட்டினார்கள். அதை முறைப்படுத்த 1994-இல் அன்றைய அரசே விதிவிலக்கு ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் வழக்குப் போட்டு, 1995-இல் உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் சொன்ன பிறகே கூடுதல் மாடிகள் இடிபட வேண்டி வந்தது. அதையொட்டிய குற்ற வழக்கில் 2000-இல் தண்டனையும் 2001-இல் விடுதலையும் வந்தன. அது வேறு கதை. ஐந்து மாடிக்கு ஒரு அரசாணை வந்த அதே மலையில், மதினி கடைக்கு ஒரு தகரம் கூடுதலாக வேய்ந்தால் மறுநாள் ஆள் வந்து நிற்கிறார். புறம்போக்கு, பட்டா இல்லை, பிரித்துப் போடு.

இனி பூண்டு.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முயற்சி எடுத்ததில் இங்கிருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் பங்கு உண்டு, பாராட்ட வேண்டியது. மன்னவனூர், பூம்பாறை, பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலை நெடுக விளைகிற பூண்டு. காரம் கூடுதல். அடுப்புப் புகை படக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. மலையிலிருந்து இறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போய் அங்கே விலையாகும். 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது பத்திரிகைகள் எல்லாம் விவசாயியின் மகிழ்ச்சியைப் படம் பிடித்தன. மேல்மலையில் போய்க் கேட்டுப் பாருங்கள், பட்டா யார் பேரில் இருக்கிறது, களை எடுத்த கூலி யாருக்கு என்று. படத்தில் சிரித்தவர் யார், படத்துக்கு வெளியே குனிந்து நின்றவர் யார் என்பது விளங்கும்.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தை, 1999-ஆம் வருஷத்துச் சட்டம், நான் எடுத்துப் படித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு நன்னூல் சூத்திரமும் சட்டப் பிரிவும் ஒன்றுதான், சொல்லில்தான் சூட்சுமம். 'உற்பத்தியாளர்' என்றால் யார்? வேளாண் பொருளாக இருந்தால் அதை விளைவிப்பவர். சரி. அதைப் பதப்படுத்துபவரும் பொட்டலம் கட்டுபவரும் சேர்த்தி. அதில் வியாபாரம் செய்பவரும் சேர்த்தி. மண்ணைத் தொடாத வியாபாரியைச் சட்டம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. கூலிக்கு விதைத்து, கூலிக்குப் பிடுங்கி, கூலிக்கு உரித்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதிகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்யும் கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய் எங்களிடம் உண்டு. எந்த நிலத்தில் விளைந்தது என்று எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி.

ஆனால், பதப்படுத்துபவரும் உற்பத்தியாளர் என்கிறதே சட்டம்? அந்த ஓட்டை வழியாக நுழையலாம் என்று நான்தான் மதினிக்கு ஆசை காட்டினேன். ஊறுகாய் போடுவது பதப்படுத்துவதுதானே.

வட்டக்கானலுக்கு வெளிநாடு பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறது, பல வருஷமாக. ராணுவத்தில் கட்டாயச் சேவை முடித்துவிட்டு வரும் இஸ்ரேல் பிள்ளைகளால் இந்த ஊருக்குக் 'குட்டி இஸ்ரேல்' என்றே பெயர். ஹம்மஸும் ஷக்ஷுகாவும் எங்கள் பெண்கள் கைப்பக்குவத்தில் வேகின்றன. கொடைக்கானல் பஜாரில் மதினி ஊறுகாயை விற்க வைக்க ஒரு கடையும் முன்வரவில்லை. "எந்த ஏரியாம்மா நீங்க?" என்று கேட்பார்கள். ஏரியா சொன்னால் போதும். ஆனால் எங்கிருந்தோ வந்தவர்கள் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிட்ட ஒரு ஜெர்மன் தம்பதிக்குச் சொந்த ஊரில் மளிகைக்கடை. மாதிரிக்கு 200 பாட்டில் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

இரண்டு நாள் மதினி தூங்கவில்லை. ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் என்று நான் அலைந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: குறியீட்டு எண் வாங்குவது சுலபம். 500 ரூபாய், பான் கார்டு, வங்கிக் கணக்கு. காகிதத்தில் உலக வியாபாரி ஆவதற்கு ஒரு பகல் போதும். என் தாத்தா ஒரே நிமிஷத்தில் மளிகை வியாபாரி ஆனதைப்போல.

பாட்டில், மூடி, லேபிள், ஆய்வகச் சோதனை, பேக்கிங், சரக்குக் கட்டணம். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு லட்சம் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். வங்கியின் பெயர் வேண்டாம். எல்லா வங்கிக்கும் ஒரே முகம்தான்.

"ஜாமீன் யாரும்மா?"

"பத்து லட்சம் வரைக்கும் குறுந்தொழிலுக்கு ஜாமீன் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2010-லயே சொல்லியிருக்கு சார்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி என்ன பண்றீங்க?"

"எழுதுறேன் சார்."

"எழுதுங்க." பிறகு மதினியிடம், "சொந்தத்துல கவர்மெண்டு வேலைல யாராச்சும் இருக்காங்களா? வீட்டுப் பட்டா இருக்கா? இல்லைன்னா பாலிசி, நகை எதாச்சும்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் கொடுமை. ரொம்பப் பரிவாகத்தான் கேட்டார். நாங்கள் எழுந்தபோது பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "இவங்களுக்குக் குடுத்தா திரும்பியா வரும்?"

திரும்பி வருவது பற்றி இவர்கள் பேசுகிறார்கள்! ஊரை விட்டு ஓடிப்போய் லண்டனில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எந்தச் சேரியில் பிறந்தவர்கள்? கடன் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற சொல்லுக்கு மூலப் பொருள் நம்பிக்கை. சாதி என்பது நம்பிக்கையைப் பங்கு போடுகிற ஏற்பாடு. செட்டியாருக்குச் செட்டியார் உண்டியல் எழுதிக் கொடுத்தார், ரங்கூன் வரை அது செல்லுபடியானது. நாடார்கள் மகமை வைத்தார்கள், 1921-இல் சொந்த வங்கியே தொடங்கினார்கள். ஜாமீன் யார் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை, சாதியே ஜாமீன். நமக்கு? சாதிதான் நமக்கு எதிரான ஆவணம்.

அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துத் திரும்பியபின் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களுக்கு அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் அது படுத்துவிட்டது. பின்னால் 1923-இல் ரூபாயின் பிரச்சினை பற்றிப் புத்தகம் எழுதிய மனிதர். நாணய மாற்று விகிதம் முதல் அத்தனையும் தெரிந்தவர். அறிவுக் குறைவால் அல்ல, பயிற்சி முகாமுக்குப் போகாததால் அல்ல, அவர் கடை மூடப்பட்டது. இதைத்தான் அதிகாரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்: எங்களுக்கு 'விழிப்புணர்வு' ஊட்ட வேண்டாம். ராத்திரி முழுக்க விழித்துத்தான் கிடக்கிறோம்.

இப்போது நம்ம தோழர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் என் மேல் பாய்வார்கள்.

ஒரு பக்கம், 'சந்தைக்குச் சாதி தெரியாது, முதலாளியம் வந்தால் சாதி போகும்' என்பவர்கள். 2005-இல் புனேயில் தலித் தொழில் வர்த்தக சபை தொடங்கியபோதே இந்தக் குரல் எழும்பியது. சந்திரபான் பிரசாத் 2016-இல் 'தலித் ஃபுட்ஸ்' என்றே பெயர் வைத்து ஊறுகாயும் மஞ்சளும் விற்க இறங்கினார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தப் பெயரே ஓர் அறைகூவலாகத் தோன்றியது ஏன் என்று யோசியுங்கள். அய்யர், அய்யங்கார் என்று பலகை போட்டால் அது சுவைக்கு உத்தரவாதம். எங்கள் சாதிப் பெயரைப் போட்டு ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கடையில் வைத்துப் பாருங்கள். சந்தைக்குச் சாதி தெரியும். நாக்குக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும்.

இன்னொரு பக்கம், 'தொழில், ஏற்றுமதி எல்லாம் முதலாளித்துவக் கண்ணி, நிலப் போராட்டம்தான் வழி' என்கிற புரட்சிக்காரர்கள். நிலம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 1892-இல் எழுதிக் கொடுத்த பஞ்சமி நிலத்தையே இன்னும் மீட்க முடியவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற இடத்திலிருந்துகொண்டு, ஊறுகாய் விற்கப் போகிறவளைப் பார்த்து 'முதலாளி ஆகப் பார்க்கிறாயா' என்று கேட்பது சாதித் திமிரின் இன்னொரு நிறம். கூலியாகவே இருந்து புரட்சிக்குக் காத்திரு என்பதற்கும், கூலியாகவே இருந்து மறுபிறவிக்குக் காத்திரு என்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? ரங்கூன் துறைமுகத் தொழிலில் பணம் சேர்த்த மதுரைப் பிள்ளை அந்தப் பணத்தை ஏழைகளின் படிப்புக்குச் செலவழித்தவர். அவரை நம் முன்னோடிகள் வரிசையில் வைத்துக்கொண்டே மதினியை மட்டும் சந்தேகிப்பது என்ன நியாயம்?

திட்டங்களே இல்லை என்று நான் பொய் சொல்லவில்லை. பட்டியல் சாதியினருக்கான தேசியத் தொழில் மையம் 2016-இல் வந்தது. மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைத் தலித், பழங்குடி சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012-லிருந்தே கொள்கை. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியிலும் 6 சதவீதத் தள்ளுபடி. நல்ல திட்டம். லாரி வாங்கியவர்கள், பட்டறை போட்டவர்கள் எனக்கே தெரியும். ஆனால் 35 போக மிச்சத்துக்கு வங்கியின் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த வாசலில் நாங்கள் கேட்டதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். தாட்கோ 1974-இல் வீடு கட்டித் தரும் கழகமாகத் தொடங்கி இன்று கடனுக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறது. பரிந்துரையை வாங்கி வங்கி ஒரு டிரேயில் போடுகிறது. டிரே நிறைந்தால் இன்னொரு டிரே.

நான் கேட்பது சின்ன விஷயம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் எங்கள் பிள்ளைகள் மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற ஊறுகாய் எங்கிருந்து வருகிறது? அதை நீங்களே செய்து கொடுங்கள் என்று மதினியிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கீழே திண்டுக்கல்லில் இருக்கிற விடுதிக்கு ஊறுகாய் வாங்காதவர்கள் ஹாம்பர்க்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். முதலில் வாங்குங்கள். ஒரு வருஷம் தொடர்ந்து வாங்கினால் அந்தக் கொள்முதல் ரசீதே ஜாமீன். கொடைக்கானலில் பத்துக் குழுக்கள் மாறி மாறிப் பயன்படுத்த ஒரு பொதுப் பேக்கிங் கூடம் கட்டுங்கள். ஏழு மாடி வேண்டாம், ஒரே மாடி போதும். முப்பது நாற்பது வருஷமாகக் குடியிருக்கிற இடத்துக்குப் பட்டா கொடுங்கள். இத்தனைக்கும் பிறகு முகாம் போடுங்கள், மிக்சர் இல்லாமலே வருகிறோம்.

அந்த 200 பாட்டில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். போனது. ஜெர்மனிக்குத்தான் போனது. பஜாரில் கடையும் கட்டடமும் வைத்திருக்கிற ஒருவர் எப்படியோ தகவல் தெரிந்து அந்தத் தம்பதியிடம் பேசினார். அவருக்கு ஓவர்டிராப்ட் உண்டு, லேபிள் உண்டு, ஏரியாவும் உண்டு. பக்குவம் மட்டும் இல்லை. மதினியிடம் வந்தார். ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். மூன்று வாரம் அந்த ஆறு பெண்களும் அவருடைய குடோனில் பூண்டு உரித்தார்கள். மலைப்பூண்டு உரித்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி விரல் நுனி எரிகிற எரிச்சல். குழந்தையைத் தூக்க முடியாது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கையை விரித்து வைத்தபடி தூங்க வேண்டும்.

"ஊறுகா நம்ம ஊறுகாதான்ல, எப்பிடியோ போயிருச்சுல்ல" என்றார் மதினி. எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த முகாமுக்குத் தகவல் வந்திருக்கிறது. ஆதார் நகல், சாதிச் சான்று, பாஸ்போர்ட் அளவில் இரண்டு போட்டோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். சாதிச் சான்று இருக்கிறது. போட்டோ எடுக்க மதினி இன்று காலை கொடைக்குப் போயிருக்கிறார். கடையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.